முதுமையில் தம் கைக்கு வரும் பணம்

அலுவலகத்தில் பணியாற்றியவருக்கு ஓய்வு பெறும் நாள் என ஒன்று உண்டு. வாழ்நாள் முழுதும் அன்றாடக் கூலிக்கு உழைத்தவருக்கோ அப்படியொரு நாள் இல்லை. உடல் இடங்கொடுக்கும் வரை உழைப்பு. அதன்பின் பிள்ளைகளின் ஆதரவு. இத்தகைய முதியோருக்கு அரசு ஒரு சிறு தொகையைத் தவறாமல் வழங்கினால், அவர்தம் வாழ்வில் என்ன மாற்றம் நிகழும்? வயிறு நிறைவதோடு அதன் பயன் முடிந்துவிடுமா? தென்னமெரிக்க நாடான பெருவின் அனுபவம் இவ்வினாவிற்குத் தெளிவான விடை தருகிறது.

பெரு நாட்டின் பாடம்

பெரு அரசு 2011ஆம் ஆண்டு ‘பென்சியோன் 65’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. 65 வயது நிறைந்து, கடும் வறுமையில் வாழ்ந்து, வேறு ஓய்வூதியம் எதுவும் பெறாதவர்கள் இதற்குத் தகுதியுடையோர். அவர்கள் முன்னதாகச் சந்தா எதுவும் செலுத்தியிருக்க வேண்டியதில்லை. இரு மாதங்களுக்கு ஒருமுறை 250 சோல் அரசு வங்கி வாயிலாக வழங்கப்பட்டது.

வறுமையை அளவிடும் மதிப்பெண்ணைக் கொண்டு பயனாளிகள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். எனவே, எல்லைக்கோட்டிற்குச் சற்றே கீழிருந்தவர் உதவி பெற்றார். சற்றே மேலிருந்தவர் பெறவில்லை. இவ்விருவரின் வாழ்க்கை நிலையிலும் பெரிய வேறுபாடு கிடையாது. ஆகவே, பின்னர் இவர்களிடையே தோன்றிய வேறுபாட்டிற்கு ஓய்வூதியமே காரணம் எனக் கொள்ளலாம். பாண்டோ, கலியானி, கெர்ட்லர் ஆகிய பொருளியலாளர்கள் இம்முறையில் ஆராய்ந்தனர்.

பயனாளிகளின் குடும்ப நுகர்வு 40 விழுக்காடு உயர்ந்திருந்தது. கூலி வேலைக்குச் செல்லும் முதியோரின் பங்கு 4 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைந்திருந்தது. முதியோரின் மனச்சோர்வை அளவிடும் வினாப்பட்டியலில் அவர்களின் சராசரி மதிப்பெண் 9 விழுக்காடு தாழ்ந்திருந்தது. மதிப்பெண் தாழ்வது மனச்சோர்வு தணிவதைக் குறிக்கும். மெக்சிகோவின் கிராமப்புற முதியோரிடம் இவர்களே முன்னர் மேற்கொண்ட ஆய்விலும் மனச்சோர்வு மதிப்பெண் 12 விழுக்காடு குறைந்திருந்தது. அங்குக் கூலி வேலையை விட்டவர்களுள் பெரும்பாலோர் தம் குடும்பத் தொழிலுக்குத் திரும்பினர். அவர்கள் உழைப்பை விடவில்லை. எவ்வேலையைச் செய்வது எனத் தெரிவு செய்யும் உரிமையைப் பெற்றனர்.

யார் கையில் பணம்?

தென்னாப்பிரிக்காவில் நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் எஸ்தர் டுஃப்ளோ மேற்கொண்ட ஆய்வு மற்றொரு கோணத்தைக் காட்டியது. பாட்டிமார் ஓய்வூதியம் பெற்ற வீடுகளில் பேத்திகளின் உடல் வளர்ச்சி மேம்பட்டிருந்தது. தாத்தாமார் பெற்ற வீடுகளில் அத்தகைய பயன் காணப்படவில்லை. ஒரே வீட்டிற்குள் வரும் பணமாயினும், அது யார் கைக்கு வருகிறது என்பதைப் பொறுத்துப் பயன் மாறுகிறது.

மனநிறைவின் வேரையும் இங்கேயே தேடலாம். மருந்து வாங்கப் பிறரிடம் கேட்டு நிற்க வேண்டாத நிலை, பேரக் குழந்தைக்குத் தம் பணத்தில் ஒரு தின்பண்டம் வாங்கித் தரும் மகிழ்ச்சி, அடுத்த தவணையும் வரும் என்னும் உறுதி ஆகியவை தொகையின் அளவை விஞ்சிய மதிப்புடையவை.

நம் நாட்டில்

இந்தியாவில் தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டம் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கப்பட்டது. அப்போது மத்திய அரசின் பங்கு மாதம் 75 ரூபாய். பின்னர் இந்திரா காந்தி பெயரைத் தாங்கிய இத்திட்டத்தில், வறுமைக்கோட்டிற்குக் கீழுள்ள 60 முதல் 79 வயதுடையோருக்கு 200 ரூபாயும், 80 வயது நிறைந்தோருக்கு 500 ரூபாயும் மத்திய அரசின் பங்காக அமைந்தன. மாநில அரசுகள் தம் பங்கையும் சேர்ப்பதால், கைக்கு வரும் தொகை மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடுகிறது. தொகை சிறிதாக இருக்கும்போது, ஒரு தவணை தவறினாலும் இழப்பு பெரிது.

நாம் செய்யத்தக்கவை

நம் இல்லத்திலோ அண்டையிலோ இத்தொகையைப் பெறும் முதியவர் இருக்கலாம். அவருக்குத் துணைபுரிவோர் பின்வருவனவற்றை நினைவிற் கொள்ளல் நலம்.

• ஓய்வூதியம் முதியவரின் பெயரிலுள்ள கணக்கிலேயே வரவாகட்டும். குறைந்தபட்ச இருப்புத் தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு இதற்கு ஏற்றது.

• ஏடிஎம் அட்டையும் ரகசிய எண்ணும் அவரிடமே இருக்கட்டும். எழுத்தறியாதவராயினும், எவ்வளவு எடுப்பது என்பதை அவரே சொல்லட்டும்.

• வங்கி முகவரிடம் கைரேகை வைத்துப் பணம் எடுக்கும்போது ரசீதைக் கேட்டுப் பெறுக. தொகையை அவர் முன்னிலையிலேயே எண்ணுக. எஞ்சிய இருப்பை அவருக்குப் படித்துக் காட்டுக.

• நடமாட இயலாதவராயின், வீட்டிற்கே வந்து அளிக்கப்படும் சேவை குறித்துக் கிளையில் வினவுக. 70 வயதைக் கடந்தோருக்கு இத்தகைய சேவையளிக்க முயலுமாறு ரிசர்வ் வங்கி 2017ஆம் ஆண்டு வங்கிகளுக்கு அறிவுறுத்தியுள்ளது.

• கணக்கிற்கு வாரிசு நியமனம் செய்யப்பட்டுள்ளதா எனப் பார்க்கவும்.

முதியவருக்காகப் பணத்தை எடுத்துவந்து, அவரைக் கேளாமலே செலவிடுவோர் பலர் நல்லெண்ணத்துடனேயே அவ்வாறு செய்கின்றனர். எனினும், அப்போது அவர் பெறுவது பராமரிப்பு மட்டுமே. ஓய்வூதியம் அளிக்கும் தன்மதிப்பு அவரை வந்தடைவதில்லை. அடுத்த தவணை வரவாகும் நாளில் பணத்தை முதலில் அவர் கையில் கொடுங்கள். அதை என்ன செய்வது என்பதை அவர் சொல்லக் கேளுங்கள்.