கார் ஏசிக்கு வருஷா வருஷம் கேஸ் போடுறீங்களா? பில் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

போன வீடியோல கார் இஎம்ஐ பத்திப் பேசினோம். இஎம்ஐ கணக்குல வராம, மே மாசத்துல திடீர்னு வந்து நிக்கிற ஒரு செலவைப் பத்தி இன்னைக்குப் பார்ப்போம்.

திண்டுக்கல் வெயிலைப் பத்தி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. என்னோட பழைய கார்ல ரெண்டு கோடையிலும் ஏசி கூலிங் குறைஞ்சது. ரெண்டு தடவையும் "கேஸ் குறைஞ்சிருச்சு சார்" என்றார்கள், நானும் ரெண்டாயிரம் ரூபாய் கொடுத்து கேஸ் போட்டேன். மூணாவது கோடை, மதுரை போற வழியில கோடை ரோடு டோல்கேட் வரிசையில நிக்கும்போது வெந்நீர் ஆவி மாதிரி காத்து வந்துச்சு. இந்தத் தடவை சொன்ன தொகை 28,000 ரூபாய். கம்ப்ரசர் போயிடுச்சாம்.

நான் செஞ்ச தப்பு இதுதான்: ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகும்னு நினைச்சேன். அது தீராது. கம்ப்ரசர், கண்டன்சர், எவாபரேட்டர்னு ஒரு மூடிய குழாய்க்குள்ளயே சுத்திக்கிட்டு இருக்கும். பல வருஷத்துல ரப்பர் குழாய் வழியா கொஞ்சம் குறையலாம். ஆனா ஒவ்வொரு கோடையிலும் குறையுதுன்னா எங்கேயோ லீக் இருக்கு. லீக்கை அடைக்காம கேஸ் மட்டும் போடுறது, கிரெடிட் கார்டுல மினிமம் டியூ மட்டும் கட்டுற மாதிரி. அதைவிட மோசம்னுகூட சொல்லலாம். கம்ப்ரசருக்கான ஆயிலும் அந்த கேஸோடதான் சுத்துது, லீக் ஆகும்போது ஆயிலும் சேர்ந்து போகும். ஆயில் இல்லாம ஓடின கம்ப்ரசர் தேயும், உடையும், இரும்புத் துகளை மத்த பாகங்களுக்கும் அனுப்பும். சின்ன ஓ-ரிங்ல ஆரம்பிச்ச கதை இப்படித்தான் 28,000-ல முடிஞ்சது.

சரி, ஒர்க்ஷாப் போறதுக்கு முன்னாடி நீங்களே பத்து நிமிஷம் பாருங்க. வண்டியைத் திறந்த வெளியில நிறுத்துங்க.

காத்து கூலா இருக்கு, ஆனா வேகமே இல்லைன்னா முதல் சந்தேகம் கேபின் ஃபில்டர் மேல. பெரும்பாலான கார்ல டாஷ்போர்டு பெட்டிக்குப் பின்னாடி இருக்கும், கையாலேயே கழட்டலாம். நம்ம பக்கம் புழுதிக்கு அது சீக்கிரமே கறுத்துடும். புதுசு சில நூறு ரூபாய்தான்.

பைபாஸ்ல ஓடும்போது ஜில்லுன்னு இருக்கு, பஸ் ஸ்டாண்டு நெரிசல்ல நின்னதும் சூடாகுதா? அப்போ கேஸ் மேல பழி போடாதீங்க. ஏசியைப் போட்டுட்டு முன்பக்க ஃபேன் சுத்துதான்னு பாருங்க. கையை மட்டும் கிட்ட கொண்டு போகாதீங்க, சில வண்டியில இன்ஜினை அணைச்ச பிறகும் அது தானா சுத்தும். ஃபேன் சுத்தலைன்னா ஃபியூஸ், ரிலே, மோட்டார், இந்த மூணுல ஒண்ணு. ஃபேன் சுத்தியும் சூடா வந்தா கண்டன்சர்ல மண்ணும் பூச்சியும் அடைச்சிருக்கலாம். மெதுவான தண்ணியில கழுவச் சொல்லுங்க, பிரஷர்ல அடிச்சா மெல்லிய தகடுகள் மடங்கிடும்.

முதல்ல ஜில்லுன்னு வந்து, அரை மணி நேரத்துல காத்தே குறைஞ்சு போனா உள்ளே ஐஸ் கட்டுது. எந்த நேரமும் கூலிங்கே இல்லைன்னாத்தான் கேஸ், கம்ப்ரசர் பக்கம் போகணும்.

ஒர்க்ஷாப்ல கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: "லீக் எங்கேன்னு காட்டுறீங்களா?" நைட்ரஜன் அடைச்சு சோப்புத் தண்ணி தடவியோ, கலர் டை விட்டோ கண்டுபிடிக்கலாம். லீக்கை அடைச்ச பிறகு வேக்யூம் பண்ணி, பானெட் கீழே ஸ்டிக்கர்ல போட்டிருக்கிற கிராம் அளவுக்கே கேஸ் போடச் சொல்லுங்க. அதிகமா போட்டாலும் கூலிங் குறையும். கேஸ் வகையும் அந்த ஸ்டிக்கர்லயே இருக்கும். கேஸை அப்படியே காத்துல திறந்து விட்டா தடுங்க. பரவலா இருக்கிற ஆர்-134ஏ, கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கு மேல பூமியைச் சூடாக்கும்.

இப்போ நம்ம ஏரியாவுக்கு வருவோம், இன்சூரன்ஸ். தேய்மானத்தால கம்ப்ரசர் போனா சாதாரண பாலிசியில கிளெய்ம் கிடையாது. ஆனா நாலுவழிச் சாலையில முன்னாடி போற லாரி தெறிச்ச கல்லு கண்டன்சரை ஓட்டை போட்டா அது விபத்துச் சேதம், ஓன் டேமேஜ்ல கேட்கலாம். கேட்கணுமா?

கண்டன்சர் பில் 9,000 ரூபாய்னு வச்சுக்குங்க. 1,500 சிசி வரைக்கும் கட்டாயப் பிடித்தம் 1,000 போக, அதிகபட்சம் 8,000 கிடைக்கும். உங்க ஓன் டேமேஜ் பிரீமியம் 8,000, நோ கிளெய்ம் போனஸ் 50 சதவீதம்னா, கிளெய்ம் பண்ணதும் போனஸ் பூஜ்யம் ஆகும். அப்புறம் 20, 25, 35, 45-னு ஏறித்தான் மறுபடி 50-க்கு வரும். இழப்பு வருஷவாரியா 4,000, 2,400, 2,000, 1,200, 400. மொத்தம் 10,000. வண்டி பழசாக ஆக பிரீமியம் இறங்கும், அதனால நிஜத்துல கொஞ்சம் குறையும். இருந்தாலும் கையில இருந்து கட்டுறதுக்கும் கிளெய்முக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பம்பர், ரேடியேட்டர்னு சேர்ந்து அடிபட்டு பில் 30,000 தாண்டினா யோசிக்காம கிளெய்ம் பண்ணுங்க. போனஸைக் காப்பாத்துற ஆட்-ஆன் எடுத்திருந்தா இந்தக் கணக்கே மாறும், பாலிசியை ஒரு தடவை எடுத்துப் பாருங்க.

என் வண்டிக்கு அந்தக் கணக்குக்கே வழியில்லை, அது தேய்மானம். எமர்ஜென்சி ஃபண்டுல இருந்து 28,000 எடுத்துக் கட்டினேன், திருப்பி நிரப்ப ஏழு மாசம் ஆச்சு.