அவளுக்குப் பாரமாகாத சால்வை

அன்புள்ள பிள்ளைக்கு,

உன் சிநேகிதிக்குப் புற்றுநோய் என்றும், நீங்கள் எல்லாரும் சேர்ந்து அவளுக்கு ஒரு செபச் சால்வை பின்னப் போகிறீர்கள் என்றும் உன் அம்மா சொன்னா. இங்கே ரொறொன்ரோவில் எங்கள் பங்கிலும் இந்த வழக்கம் உண்டு. எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

1998 இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஜனெட் பிரிஸ்டோ, விக்டோரியா கலோ என்ற இரண்டு பெண்கள் தொடங்கியது இது. அவர்கள் சொல்லிக்கொடுத்த பின்னல் மிகச் சுலபம். தடித்த ஊசியில் 57 கண் ஏற்று. நிட் மூன்று, பேர்ல் மூன்று என்று மாறி மாறிப் பின்னிக்கொண்டு போய் நிட் மூன்றில் வரியை முடி. ஊசியைத் திருப்பி மறுபடியும் நிட் மூன்றிலேயே தொடங்கு. எல்லா வரிக்கும் இதே கணக்குத்தான். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும், ஓரம் சுருளாது. புதிதாகப் பழகுகிறவளும் கணக்குத் தவறாமல் பின்னலாம், பின்னிக்கொண்டே செபிக்கலாம்.

ஆனால் அந்த அளவு பனி நாட்டுத் தடித்த நூலுக்கானது. சித்திரை வெயிலில் நம் ஊர் அல்லைப்பிட்டியில் அதைப் போர்த்தினால் அவள் வெந்துபோவாள். உன் சிநேகிதிக்குச் சால்வை எப்போது தேவைப்படும் என்று யோசி. விடியற்காலை பஸ்ஸில் பண்ணைத் தாம்போதியைக் கடக்கும்போது கடற்காற்று முகத்தில் அடிக்கும். தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் மருந்து ஏறும்வரை மணிக்கணக்காக இருக்க வேண்டும். தலைமுடி கொட்டியபின் கழுத்தும் பிடரியும் கூசும். இதற்கெல்லாம் மெல்லிய பருத்தி நூல்தான் சரி. பருத்தி பாரம் கூடியது, தோய்த்தால் இழுபடும். ஆகவே இரண்டு தோளையும் மூடி முன்னால் மடியில் விழும் அளவு போதும்.

கூட்டாகப் பின்னும்போது சிக்கல் கையில்தான் வரும். ஒருத்தி இறுக்கிப் பின்னுவாள், இன்னொருத்தி தளர விடுவாள். ஓலை இழைக்கிற அம்மம்மாவைக் கேள், இதைத்தான் முதலில் சொல்லுவா. ஒரே சால்வையை வீடு வீடாக அனுப்பிப் பின்னினால் அகலம் கூடியும் குறைந்தும் போகும். ஆளுக்கொரு பட்டியாகப் பின்னுங்கள். எல்லாருக்கும் ஒரே நூல், ஒரே அளவு ஊசி, 27 கண். பிறகு நனைத்து, ஒரே நீளத்துக்கு இழுத்து விரித்துக் காயவிட்டு, பக்கம் பக்கமாக வைத்துத் தையுங்கள். குஞ்சம் வேண்டாம், சேலைன் குழாயில் சிக்கும். மணியோ சுரூபமோ வைத்துத் தைக்கவும் வேண்டாம். கீமோ ஏற்றினால் வெண்குருதிக் கலங்கள் குறைந்து தொற்று எளிதில் வரும்; ஆகவே கொடுக்க முதல் நன்றாகத் தோய்த்து வெயிலில் காயவையுங்கள். வாசனைத் தூள் போடாதீர்கள், அந்த மணமே அவளுக்குக் குமட்டும்.

செபத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2006 ஆகஸ்டில் எறிகணைக்குப் பயந்து எங்கள் சனம் அல்லைப்பிட்டி பிலிப்புநேரியார் கோயிலுக்குள் ஒதுங்கியது. எறிகணை அங்கேயும் விழுந்தது. அப்படிப்பட்ட இடத்தில் இருந்து செபித்தவர்களிடம் நான் செபத்தைக் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அதே 2006 இல் அமெரிக்காவில் செபத்தைப் பற்றி ஓர் ஆய்வு வெளிவந்தது. இதய பைபாஸ் சத்திரசிகிச்சை செய்த 1802 பேரை வைத்துச் செய்தது. முன்பின் தெரியாதவர்கள் செபித்ததால் நோயாளிகளின் குணத்தில் வித்தியாசம் தெரியவில்லை. அதுமட்டுமல்ல, தமக்காகச் செபிக்கிறார்கள் என்று நிச்சயமாக அறிந்தவர்களில் 59 வீதமானவர்களுக்குச் சிக்கல் வந்தது. செபிக்கப்படுகிறோமோ இல்லையோ என்று தெரியாமல், செபிக்கப்பட்டவர்களில் அது 52 வீதம். காரணத்தை எவரும் உறுதியாகச் சொல்லவில்லை. 'இத்தனை பேர் செபிக்கிறார்கள், நான் சுகமாகியே ஆகவேண்டும்' என்ற பாரம் ஒரு நோயாளியை என்ன செய்யும் என்று நான் நினைத்துப் பார்க்கிறேன்.

அதனால் சால்வையைக் கொடுக்கும்போது 'நீ கட்டாயம் சுகமாவாய்' என்று சொல்லாதே. 'நாங்கள் உன்னை நினைத்துப் பின்னினோம்' என்றால் போதும். உங்களுக்குள் சைவப் பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்கள் நயினாதீவு அம்மனை நினைத்துத் தேவாரம் படிக்கட்டும், நீ செபமாலை சொல். அவள் போர்த்தாமல் மடித்து வைத்தாலும் ஏன் என்று கேட்காதே. போர்த்தியபடி அவளைப் படம் எடுத்து முகநூலில் போடுவதை நான் கண்டிப்பாக வேண்டாம் என்பேன். மெலிந்த முகத்தை ஊருக்குக் காட்ட அவள் விரும்பமாட்டாள்.

தெல்லிப்பழைப் புற்றுநோய்ப் பிரிவும் பலர் கூடிச் செய்த வேலைதான். 2011 இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை நடந்து அதற்குப் பணம் சேர்த்தார்கள். சால்வையோடு உங்கள் வேலை முடிந்துவிடாது. முறை வைத்து ஒவ்வொரு தரமும் ஒருத்தி அவளோடு பஸ்ஸில் போய்வாருங்கள். வீட்டில் கஞ்சி வைத்துக் கொடுங்கள்.

நூல் வாங்க முதல் அவளிடம் போய் என்ன நிறம் பிடிக்கும் என்று கேள். வெள்ளையை அவள் வேண்டாம் என்று சொன்னால் காரணம் விசாரிக்காமல் வேறு நிறம் வாங்கு.

அன்புடன்,
பெரியம்மா