இதயத் தழும்பில் ஒரு வேலை

வட்டவளையில் ஏ.எல். முடித்துவிட்டு கோடிங் படிக்கும் தம்பி தங்கைகளே, சி.வி.யில் "ஏ.ஐ. தெரியும்" என்று எழுதுவதை முதலில் நிறுத்துங்கள். கொழும்பில் எல்லா சி.வி.யிலும் அந்த வரி இருக்கிறது. யாரும் எட்டிப் பார்க்காத சின்னத் துறை ஒன்றைப் பிடியுங்கள். உதாரணம், எம்.ஆர்.ஐ. படத்தில் இதயத் தழும்பைத் தானாகக் கண்டுபிடிக்கும் மென்பொருள்.

1. முதலில் மருத்துவம். மாரடைப்பில் செத்த தசை தழும்பாகிறது. காடோலினியம் என்ற மருந்தை ஏற்றி 10 முதல் 20 நிமிடம் கழித்துப் படமெடுத்தால் நல்ல தசையிலிருந்து மருந்து வடிந்திருக்கும், தழும்பில் தங்கியிருக்கும். தழும்பு வெள்ளை, நல்ல தசை கறுப்பு. சுவரின் தடிப்பில் பாதிக்கு மேல் தழும்பென்றால், பைபாஸ் செய்தாலும் அந்த இடம் பழையபடி துடிப்பது அரிது. அதனால் டொக்டருக்கு அளவு வேண்டும். கையால் கோடு போட்டு அளக்க அவருக்கு நேரமில்லை. உங்கள் மார்க்கெட் அங்கேதான்.

2. டேட்டா இல்லையென்று சாக்குச் சொல்லாதீர்கள். பிரான்ஸின் டிஜோன் வைத்தியசாலையின் 150 ஸ்கேன்களோடு 2020இல் எமிடெக் என்ற போட்டி நடந்தது. அதில் 100 ஸ்கேன்கள், தழும்பு எங்கே என்ற விடையும் வரைந்தே, பயிற்சிக்கு உண்டு. அவற்றைத் திறந்து பார்க்கும் 3டி ஸ்லைசர் மென்பொருளும் இலவசம். டவுன்லோடை நைட் டேட்டாவில் போடுங்கள்.

3. அக்யூரசியைக் காட்டி மயக்கப் பார்க்காதீர்கள். படத்தில் தழும்பு இத்தனூண்டு இடம். "தழும்பே இல்லை" என்று கண்ணைமூடிச் சொல்லும் மாடலுக்கும் 99 சதவீதம் வரலாம். டைஸ் ஸ்கோரைச் சொல்லுங்கள்: மாடல் வரைந்ததும் டொக்டர் வரைந்ததும் எவ்வளவு பொருந்துகின்றன என்ற கணக்கு, முழுப் பொருத்தம் 1. எமிடெக்கில் முன்னுக்கு வந்த குழுவுக்கே தழும்பில் சுமார் 0.71தான். உங்களுக்கு 0.95 வந்தால் ட்ரீட் வைக்காதீர்கள். ஒரே நோயாளியின் படங்கள் டிரெயினிங்கிலும் டெஸ்டிலும் கலந்துவிட்டனவா என்று தேடுங்கள்.

4. இன்டர்வியூவில் மற்றவர்கள் யூ-நெட் என்ற மாடலை வரைந்து காட்டுவார்கள். 2015இல் வந்த சரக்கு அது. நீங்கள் உங்கள் மாடல் தோற்ற படங்களைக் காட்டுங்கள். பெரிய மாரடைப்பில் வெள்ளைத் தழும்பின் நடுவே சிலவேளை கறுப்புத் திட்டு தெரியும். நுண்குழாய்கள் அடைபட்டு மருந்தே நுழையாத இடம். வெள்ளையை மட்டும் தேடும் மென்பொருள் அதை நல்ல தசையென்று விட்டுவிடும். சேதம் மிக மோசமான இடம் அதுதான். இதை விளக்கத் தெரிந்தவரை ரேடியோலஜிஸ்ட் மறக்கமாட்டார்.

5. பேராதனையில் ரேடியோகிராபி படிக்கும் மலையகப் பிள்ளை ஒருவரைக் கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். நோயாளி பெயர் தெரியும் ஸ்கேனை மட்டும் வாட்ஸ்அப்பில் வாங்கிவிடாதீர்கள். சேர்ந்து ஆய்வுக் கட்டுரை எழுதினால் அதில் யார் பெயர் முதலில் என்பதை வேலை தொடங்குமுன்பே பேசிவிடுங்கள்.