மேல்மாவும் கீழ்ச்சாறும்

பழத்தின் மேல் வெண்ணெய் பிசிறிய மாவைத் தூவிச் சுடும் கிரம்பிள் சரியாக வரவில்லை என்பவர்களின் குறை பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். மேலே நல்ல பொன்னிறம். கரண்டியை விட்டு எடுத்தால் மாவின் அடிப்பக்கம் வேகாத களி போல ஒட்டுகிறது. அதற்கும் கீழே பழத்துண்டுகள் தண்ணீரில் கிடக்கின்றன. உடனே சந்தேகம் வெண்ணெய் அளவின் மேல் விழும், ஓவன் மேல் விழும், அடுத்த முறைக்கு வேறு செய்முறை தேடத் தோன்றும். என் அனுபவத்தில் காரணம் இவற்றில் எதுவும் இல்லை. கிரம்பிள் என்பது ஒரே பாத்திரத்துக்குள் நடக்கும் இரண்டு சமையல். கீழே இருக்கும் பழம் வேக வேகத் தண்ணீர் விடுகிறது. மேலே இருக்கும் மாவோ, தன்னிடமுள்ள ஈரத்தை இழந்தால்தான் மொறுமொறுப்பாகும். இரண்டையும் பச்சையாகவே ஒன்றின் மேல் ஒன்று வைத்து ஒரே சூட்டில் விட்டால் நஷ்டம் மாவுக்குத்தான். அதனால் கடைசி இருபது, இருபத்தைந்து நிமிடம் வரும்வரை இரண்டையும் தனித்தனியாகச் சமைப்பதே சரி என்கிறேன். கிரம்பிளைப் பற்றி நான் தரக்கூடிய மற்ற யோசனைகள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்து கிளைப்பவைதான்.

ஆப்பிளின் எடையில் ஏறக்குறைய 85 சதவீதம் தண்ணீர். பிளம்ஸ் அதைவிடச் சற்று அதிகம். இங்கிலாந்தில் ஆப்பிளுக்கு அடுத்தபடியாகக் கிரம்பிளுக்குப் போகும் ருபார்ப் தண்டில் 90 சதவீதத்துக்கும் மேல். முக்கால் கிலோ பழம் பாத்திரத்தில் இருந்தால் அதில் அரை லிட்டருக்கும் அதிகமான தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். சூடு ஏறியதும் அது சாறாக வெளியே வருகிறது, ஆவியாக மேலே எழுகிறது. ஆவி வெளியேற வழியில் நிற்பது நம் மேல்மாவு. மாவு சிவக்கவும் மணக்கவும் அதன் பரப்பு சுமார் 140 டிகிரியைத் தாண்ட வேண்டும். ஈரம் இருக்கும் இடமோ 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். ஓவனில் 180 வைத்தாலும் 200 வைத்தாலும் இது மாறாது. மேல் பரப்பு காய்ந்த காற்றைப் பார்த்துக்கொண்டிருப்பதால் சிவக்கிறது. அடிப்பரப்பு சாற்றையும் ஆவியையும் பார்த்துக்கொண்டிருப்பதால் கொழுக்கட்டை போல வேகிறது. மைதாவும் வெந்நீரும் சேர்ந்தால் பசை கிடைக்கும் என்பது சுவரொட்டி ஒட்டுகிறவர்களுக்குத் தெரியும்; கிரம்பிளின் அடியில் நடப்பதும் அதுதான். சூட்டைக் கூட்டினால் மேலே கருகும், அடி அப்படியே இருக்கும். மேல்மாவை இன்னும் கனமாகப் போட்டாலோ ஆவிக்கு வழி அடைபட்டுப் பசையின் கனமும் கூடும்.

ஆகவே முதல் வேலை பழத்தின் தண்ணீரை முன்கூட்டியே வெளியே எடுப்பது. மாங்காயில் உப்பு போட்டு வைத்தால் தண்ணீர் விடும் என்பது ஊறுகாய் போடும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சர்க்கரையும் அந்த வேலையைச் செய்யும். நறுக்கிய பிளம்ஸிலோ ருபார்ப்பிலோ சர்க்கரையைப் பிசிறி முக்கால் மணி நேரம் வைத்தால் அடியில் சாறு தேங்கும். அதை வடித்துச் சின்னப் பாத்திரத்தில் பாதியாகச் சுண்டக் காய்ச்சித் திரும்பப் பழத்தின் மேலேயே ஊற்றிவிட வேண்டும். சுவை எதுவும் வீணாகாது, போவது வெறும் தண்ணீர்தான். ஆப்பிளுக்கு வாணலியே போதும்: ஒரு ஸ்பூன் வெண்ணெய், கொஞ்சம் சர்க்கரை, மிதமான தீயில் ஆறேழு நிமிடம். துண்டுகளின் ஓரம் கண்ணாடி போல ஆகி, வாணலியில் தேங்கிய சாறு வற்றி, துண்டுகளின் மேல் பளபளவென்று ஒட்டும்போது இறக்கலாம். நடுவில் கடிபட வேண்டும், குழையக்கூடாது. உறையவைத்த பெர்ரிகளில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. உறைபனி அவற்றின் திசுவை ஏற்கெனவே கிழித்துவிட்டிருப்பதால், கரைந்ததும் மொத்தச் சாற்றையும் விட்டுவிடும். அவற்றை வடித்துச் சுண்டவைக்காமல் பயன்படுத்துவதில் பொருளே இல்லை.

மிஞ்சும் சாற்றைக் கட்ட ஒரு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளார் போடும் வழக்கம் நல்ல வழக்கம்தான். ஆனால் பலர் அதைப் போட்டுவிட்டு, அது வேலை செய்ய நேரம் கொடுப்பதில்லை. கார்ன்ஃப்ளார் முழுதாகக் கெட்டிப்பட, சாறு கிட்டத்தட்டக் கொதிநிலைக்கு வர வேண்டும். மேல்மாவின் நிறத்தைப் பார்த்துக் கிரம்பிளை வெளியே எடுப்பதால்தான் இது தவறிப்போகிறது. பார்க்க வேண்டியது பாத்திரத்தின் விளிம்பை. தொடக்கத்தில் அங்கே எழும் குமிழ்கள் சின்னதாக, வேகமாக, தண்ணீர் கொதிப்பது போல இருக்கும். சாறு கட்டியதும் குமிழ்கள் பெரிதாகி, மெதுவாக உப்பி, ஒவ்வொன்றாக வெடித்து, வெடித்த இடத்தில் ஒரு கணம் குழி நிற்கும். பாகு கொதிப்பதைப் பார்த்த கண்ணுக்கு இந்த வித்தியாசம் உடனே தெரியும். அந்தக் குமிழ் நடுப்பகுதியிலும் இரண்டொரு இடத்தில் மாவைத் துளைத்து எட்டிப் பார்த்தால் கிரம்பிள் தயார்.

இங்கே நியாயமான கேள்வி ஒன்று எழும்: ஆங்கிலேயர்கள் தலைமுறை தலைமுறையாகப் பச்சை ஆப்பிளின் மேல் பச்சை மாவைத் தூவியே செய்து வருகிறார்களே, அவர்களுக்கு எப்படி வருகிறது? பதில் பழத்தில் இருக்கிறது. அவர்கள் போடுவது பிராம்லி ஆப்பிள். நாட்டிங்ஹாம்ஷயரில் உள்ள சவுத்வெல் என்ற ஊரில் 1809-ல் மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்டு என்ற சிறுமி ஊன்றிய விதையிலிருந்து வந்த மரம் அது. 1846-ல் அந்த வீட்டை வாங்கிய மாத்யூ பிராம்லி என்ற இறைச்சிக் கடைக்காரரின் பெயர் பழத்துக்கு நிலைத்தது. அதை ஒட்டுக்கட்டிப் பரப்பியவர் ஹென்றி மெரிவெதர் என்ற நாற்றங்கால்காரர். பச்சையாகக் கடித்தால் பல் கூசும் அளவுக்குப் புளிப்பு. வெந்தால் பஞ்சு போல உடைந்து கூழாகிவிடும். அந்தக் கூழே தன் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் சாறு தனியாக ஓடாது. கார்ன்ஃப்ளார் இல்லாத பழைய ஆங்கிலச் செய்முறைகள் இந்தப் பழத்தை நம்பி எழுதப்பட்டவை. நம் கடைகளில் கிடைக்கும் சிம்லா ஆப்பிளும் ஃபூஜியும் அப்படியே தின்பதற்கான ரகங்கள். உடையாமல் துண்டாகவே நிற்கும், விடும் சாறும் நீர்த்தே இருக்கும். அதே செய்முறையை அதே அளவோடு இவற்றுக்குப் பயன்படுத்தினால் தித்திப்புத் தூக்கலாகவும், சாறு தண்ணியாகவும் வருவதில் வியப்பில்லை. பிராம்லிக்குச் சொன்ன சர்க்கரையில் பாதிக்குமேல் வேண்டாம், ஒரு முழு எலுமிச்சைச் சாறு வேண்டும், வாணலியில் வதக்குவது கட்டாயம். கிரானி ஸ்மித் எனும் பச்சை ஆப்பிள் கிடைத்தால் பாதிக்குப் பாதி கலந்துகொள்ளலாம். கொடைக்கானல் பிளம்ஸ் வரும் பருவத்தில் ஆப்பிளையே தேட வேண்டாம் என்பேன். அதன் தோலில் இருக்கும் புளிப்பு கிரம்பிளுக்கென்றே அமைந்தது போன்றது.

மேல்மாவுக்கு வருவோம். எடையில் மைதா இரண்டு பங்கு, வெண்ணெய் ஒரு பங்கு, சர்க்கரை ஒரு பங்கு என்பது எளிதில் மறக்காத கணக்கு. முக்கால் கிலோ பழத்துக்கு 200, 100, 100 கிராம். வெண்ணெயை 125 கிராம் ஆக்கினால் கட்டிகள் நன்றாகத் திரளும். வெண்ணெய் குளிர்ந்திருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வது வெறும் சம்பிரதாயம் இல்லை. சுமார் 32 டிகிரியிலேயே உருகத் தொடங்கும் பொருள் அது, அதில் ஆறில் ஒரு பங்குக்குத் தண்ணீரும் இருக்கிறது. சென்னையில் மே மாதச் சமையலறையின் வெப்பமே அதற்குக் குறையாது. வெண்ணெய் உருகினால் மாவு அதைக் குடித்துப் பிசைந்த மாவாகிவிடும். வெண்ணெய்க் கட்டியை ஃப்ரீசரில் வைத்துக் காரட் துருவியில் துருவிப் போட்டு, விரல் நுனியால் மட்டும் பிசிறினால் உள்ளங்கைச் சூடு படாது. பதம் பார்க்கத் தமிழர்களுக்குப் புதிதாகக் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. புட்டு மாவுக்குப் பார்க்கிற பதம்தான்: பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். உருக்கிய வெண்ணெயிலும் செய்கிறார்களே என்றால், செய்யலாம், தவறில்லை. அது பிஸ்கட் போலக் கெட்டியாக வரும், இது வாயில் கரையும்படி வரும்.

பதம் வந்த பிறகு ஒரு தேக்கரண்டி குளிர்ந்த தண்ணீரைத் தெளித்து, முள்கரண்டியால் கிளறினால் மாவு கடலை அளவிலும் சுண்டைக்காய் அளவிலும் கட்டிகளாகத் திரளும். தண்ணீரே எதிரி என்று சொல்லிவிட்டு நானே தெளிக்கச் சொல்வது முரண் போலத் தோன்றலாம். அந்த ஒரு தேக்கரண்டி ஓவனில் சில நிமிடத்தில் காய்ந்துவிடும். ஆனால் அது உண்டாக்கும் கட்டிகளுக்கு நடுவே இடைவெளி இருக்கும், அந்த இடைவெளி வழியாகப் பழத்தின் ஆவி தப்பிக்கும். மணல் போன்ற மாவு படிந்து அடைத்துக்கொள்ளும். இதே காரணத்தால்தான் மாவைப் போட்டதும் கரண்டியால் அழுத்திச் சமன் செய்யக்கூடாது என்று வலியுறுத்துகிறேன். தூவினால் போதும். ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் கனம் போதும். பாத்திரமும் ஆழமாக வேண்டாம், அகலமாக இருக்கட்டும்.

இந்தக் கட்டிகளை நேரே பழத்தின் மேல் போடாமல் தட்டில் பரப்பி 180 டிகிரியில் பன்னிரண்டு நிமிடம் தனியே சுட வேண்டும் என்பதுதான் என் யோசனையில் அதிகம் எதிர்க்கப்படும் பகுதி. வெளிர்மஞ்சள் நிறம் வந்து, கட்டிகளின் வெளிப்பக்கம் காய்ந்திருந்தால் போதும். பிறகு சூடான பழத்தின் மேல் தூவி இன்னும் இருபது, இருபத்தைந்து நிமிடம். வெண்ணெய் ஏற்கெனவே மாவுக்குள் இறங்கி, கட்டிகள் இறுகி நிற்பதால் சாறு அவ்வளவு சுலபத்தில் உள்ளே புகாது.

இதற்கு வரும் முதல் மறுப்பு, கிரம்பிள் எளியவர்களின் பண்டம், அதை இப்படிச் சிக்கலாக்கலாமா என்பது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டனில் அது வீட்டுக்கு வீடு பரவியதாகச் சொல்வார்கள். அங்கே வெண்ணெயும் சர்க்கரையும் 1940 ஜனவரி 8-ல் ரேஷனுக்குள் வந்தன. ரேஷன் முழுதாக விலகியது 1954 ஜூலை 4-ல்தான். ஒருவருக்கு வாரம் 57 கிராம் வெண்ணெய் என்றிருந்த நாட்களும் உண்டு. நாம் ஒரு கிரம்பிளுக்குப் போடும் 100 கிராம் ஏறக்குறைய இரண்டு பேரின் ஒரு வாரப் பங்கு. பை செய்தால் அடியிலும் மேலிலும் மாவு வேண்டும். கிரம்பிளுக்கு மேலே மட்டும் போதும், அதிலும் ஓட்ஸையோ ரொட்டித் தூளையோ கலந்து ஒப்பேற்றலாம். எளிமை அப்படி வந்தது. அது பொருளில் உள்ள சிக்கனம். நான் கேட்பது ஒரு பொருளையும் கூட்டவில்லை, கூடுவது ஒரு தட்டும் பன்னிரண்டு நிமிடமும்தான். பழம் வாணலியில் வதங்கும் அதே நேரத்தில் தட்டு ஓவனில் இருக்கும். வெண்ணெய் அருமையாக இருந்த காலத்தை நினைத்தால், அதைப் பசையாக்கி வீணடிக்காமல் இருப்பதுதான் அந்தச் சிக்கனத்துக்குச் செய்யும் மரியாதை என்று எனக்குப் படுகிறது.

இரண்டாவது மறுப்பு கனமானது. மாவும் சாறும் கலக்கும் அந்த நடு அடுக்கில்தான் ருசியே இருக்கிறது, தனியாகச் சுட்டுத் தூவினால் அது பழக்கூழின் மேல் தூவிய பிஸ்கட் தூளாகிவிடும் என்பார்கள். முழுதாகத் தனியே சுட்டுப் பரிமாறும் நேரத்தில் தூவும் உணவகங்களைப் பார்த்தால் இந்தக் குறை உண்மை என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அங்கே மாவும் பழமும் அறிமுகமில்லாதவர்கள் போல ஒரே கிண்ணத்தில் இருக்கும். அதனால்தான் கடைசி இருபது நிமிடத்தைச் சேர்ந்தே கழிக்கச் சொல்கிறேன். அந்த நேரத்தில் சுண்டிய சாறு கட்டிகளின் அடியை நனைத்து, டாஃபி போல ஒட்டும் ஒரு மெல்லிய அடுக்கை உண்டாக்கும். விரும்பப்படுவது அந்த அடுக்குதான். அது சர்க்கரைப் பாகும் வெண்ணெயும் சேர்ந்தது. வேகாத மைதாவும் தண்ணீரும் சேர்ந்த களியை யாரும் விரும்பிக் கேட்டதில்லை. இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதால் ஒன்றாகத் தோன்றுகின்றன, அவ்வளவுதான்.

வெளியே எடுத்த பிறகும் பதினைந்து இருபது நிமிடம் பொறுக்க வேண்டும்; சூடு தணியும்போதுதான் சாறு இன்னும் இறுகும். அதை மூடி வைக்கக்கூடாது, எழும் ஆவி மூடியில் பட்டுத் திரும்ப மாவின் மேலேயே சொட்டும். மிஞ்சியதை ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரே இரவில் சாற்றின் ஈரம் மாவுக்கு ஏறிவிடும். மைக்ரோவேவ் அதைச் சரிசெய்யாது. ஓவனில் பத்து நிமிடம் வைத்தால் ஓரளவு மீளும். சுடாத மேல்மாவைப் பையில் கட்டி ஃப்ரீசரில் வைத்துக்கொண்டால் இரண்டு மூன்று மாதம் கெடாது, வேண்டும்போது வேண்டிய அளவு எடுத்துச் சுட்டுக்கொள்ளலாம். கூடவே கஸ்டர்டு வைப்பது ஆங்கிலேயர் வழக்கம். முட்டை ஒத்துக்கொள்ளாத மனைவிக்காகப் பர்மிங்ஹாமின் ஆல்ஃபிரட் பேர்டு 1837-ல் கண்டுபிடித்த முட்டையில்லாக் கஸ்டர்டு பவுடர்தான் இன்று நம் மளிகைக் கடையிலும் இருப்பதன் மூதாதை. சைவ வீடுகளுக்கும் அது தோதானது. கொஞ்சம் தளர்வாகக் காய்ச்சி, கிண்ணத்தில் முதலில் கஸ்டர்டை ஊற்றிவிட்டு, அதன் மேல் கிரம்பிளை வையுங்கள். மேலே ஊற்றினால் அத்தனை நேரம் காத்த மொறுமொறுப்பு பரிமாறும் முன்பே ஊறிவிடும்.