‘ஹேவ்’ எங்கே, ‘ஹேட்’ எங்கே?

அன்புள்ள மருமகளுக்கு,

நீ அனுப்பிய வேலை விண்ணப்பம் மாமாவுக்குக் கிடைத்தது. விவரங்களில் குறையில்லை. வினைச்சொற்களின் காலத்தை மட்டும் ஒருமுறை சரிபார்த்துவிடு.

‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2021’ என்று தமிழ் பேசுவோர் பலரும் எழுதுகிறார்கள். ‘2021இலிருந்து இங்கே வேலை செய்கிறேன்’ என்று சொல்லத் தமிழுக்கு நிகழ்காலமே போதும். அன்று தொடங்கி இன்றும் தொடரும் வேலைக்கு ஆங்கிலம் கேட்பது ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்’.

விட்டுவந்த வேலைக்கு அந்த ‘ஹேவ்’ ஆகாது. ‘ஐ ஹேவ் வொர்க்ட் தேர் ஃபார் த்ரீ இயர்ஸ்’ என்று எழுதினால், இன்னும் அங்கேயே இருப்பதாகத்தான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். அங்கே ‘ஐ வொர்க்ட்’ என்றே எழுத வேண்டும்.

நிலவுப் பயணத்தை வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். ஆர்ம்ஸ்ட்ராங் நிலவில் நடந்தது 1969இல். ஆண்டு வந்துவிட்டதால் ‘வாக்ட்’ மட்டுமே சரி, ‘ஹேஸ் வாக்ட் இன் 1969’ பிழை. 1969 முதல் 1972 வரை நிலவில் நடந்தவர்கள் 12 பேர். இன்னொருவர் போனால் அந்த எண்ணிக்கை கூடும் என்பதால், ‘ட்வெல்வ் பீப்பிள் ஹேவ் வாக்ட் ஆன் தி மூன்’ என்கிறார்கள். சந்திரயான்-3க்கும் இதே முறைதான்: 2023 ஆகஸ்ட் 23 என்று தேதி போட்டால் ‘லேண்டட்’, தேதி சொல்லாமல் இந்தியாவின் சாதனையாகச் சொன்னால் ‘ஹேஸ் லேண்டட்’.

யெஸ்டர்டே, லாஸ்ட் வீக் போன்ற சொற்கள் வந்தாலும் ‘ஹேவ்’ விலகிக்கொள்ளும்.

‘ஐ ஹேட் கான் டு சென்னை லாஸ்ட் வீக்’ என்பதும் நம் ஊரில் அடிக்கடி காதில் விழுகிறது. ஒரு பயணத்தைத் தனியே சொல்ல ‘வென்ட்’ போதும். நடந்து முடிந்த இரண்டில் முந்தியதைக் காட்டத்தான் ‘ஹேட்’ வேண்டும். ‘வென் ஐ ரீச்ட் தி ஸ்டேஷன், தி ட்ரெயின் ஹேட் லெஃப்ட்’ என்றால், நீ போய்ச் சேருமுன்பே ரயில் போய்விட்டது. ‘லெஃப்ட்’ என்று மட்டும் எழுதினால், நீ போய்ச் சேர்ந்ததும் ரயில் கிளம்பியது என்றாகிவிடும்.

ரேமண்ட் மர்ஃபியின் ‘இங்கிலீஷ் கிராமர் இன் யூஸ்’ 1985இல் வெளிவந்த புத்தகம். இடப்பக்கம் விளக்கம், வலப்பக்கம் பயிற்சி. அதன் தொடக்கப் பாடங்களே வினைக் காலங்கள்தாம். தினம் ஒரு பாடம் எழுதிப் பழகு.

இப்போதைக்கு, விண்ணப்பத்திலுள்ள ஒவ்வொரு வினைக்கும் பக்கத்தில் ‘முடிந்தது’, ‘தொடர்கிறது’ என்று பென்சிலால் குறித்துக்கொண்டு திருத்து. ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பினால் படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
மாமா