இருதயம் களைக்கும்போது

'இருதயச் செயலிழப்பு' என்று வைத்தியர் சொன்னதும், இருதயம் நின்றுவிடப் போகிறது என்றே நம்மில் பலர் பயந்துவிடுகிறோம். அது அப்படியல்ல. இருதயம் வேலை செய்கிறது. ஆனால் உடம்புக்குத் தேவையான இரத்தத்தை இறைத்துக் கொடுக்க அதற்குப் பலம் போதவில்லை.

நமது தோட்டங்களில் நீர் இறைத்த இயந்திரத்தை நினைத்துப் பார்ப்போம். அது பழுதுபட்டால் கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் எட்டாது. அதுபோலவே, இருதயம் பலவீனப்பட்டால் கைகால்களுக்கு இரத்தம் போதாமல் களைப்பு உண்டாகிறது. சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியேற்றாமல் உடம்பிலே தேக்கிவைக்கிறது. தேங்கிய நீர் கால்களில் வீக்கமாகிறது. நுரையீரலில் சேர்ந்தால் மூச்சு முட்டுகிறது.

அறிகுறிகள்

1. சிறிது தூரம் நடந்தாலே இளைப்பு.
2. நிமிர்ந்து படுக்க முடியாமை. இரவில் மூச்சு முட்டி எழும்புதல்.
3. கணுக்கால் வீக்கம்; விரலால் அழுத்தினால் குழி விழும்.

யாருக்கு ஆபத்து?

உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளவர்கள், முன்பு மாரடைப்பு வந்தவர்கள், புகைப்பவர்கள், அதிகம் மது அருந்துபவர்கள். பிள்ளைகளையும் மறக்கக்கூடாது. பல குடும்பங்கள் நெருங்கி வாழும் இடத்தில் தொண்டை நோ இலகுவில் பரவும். அதைக் கவனியாது விட்டால், 5 முதல் 15 வயதுப் பிள்ளைகள் சிலருக்கு அது வாதக் காய்ச்சலாக மாறி இருதய வால்வுகளைக் கெடுத்துவிடும்.

சிகிச்சை

நீர் போகும் குளிசை வீக்கத்தைக் குறைக்கும். வேறு சில குளிசைகள் இருதயத்தின் பாரத்தைக் குறைத்து ஆயுளைக் கூட்டும். வீக்கம் வற்றியதும் 'சுகம் வந்துவிட்டது' என்று மருந்தை நிறுத்துவதே நாம் விடும் பெரிய பிழை. அரச வைத்தியசாலைகளில் கிளினிக் இலவசம். இடம் மாறும்போது அடையாள அட்டையோடு கிளினிக் கொப்பியையும் குளிசைகளையும் ஒரே பையில் எடுத்துக்கொள்வோம். கொப்பி தொலைந்தாலும் வெட்கப்படாமல், வெறும் குளிசை உறையையாவது அருகிலுள்ள வைத்தியசாலையில் காட்டுவோம்.

நாள் ஒன்றுக்கு உப்பு ஒரு தேக்கரண்டிக்கு (5 கிராம்) உட்பட்டிருக்க வேண்டும். கருவாடு, ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றிலும் உப்பு உண்டு. உடல் நோவுக்குக் கடையில் வாங்கும் டைக்ளோபெனாக், ஐபுபுரோபன் போன்றவை நீரைத் தேக்கும். வைத்தியரைக் கேளாமல் எடுக்கக்கூடாது. 3 நாட்களில் நிறை 2 கிலோ கூடினால் கிளினிக் நாள்வரை காத்திருக்கக்கூடாது. மூச்சுத் திணறினால் நோயாளியை நிமிர்த்தி இருத்தி, 1990 இலக்கத்துக்கு அழைத்து இலவச அம்புலன்ஸைக் கூப்பிடுவோம்.

சேர்ந்து சிந்திப்போம்

1. நம்மிடையே மருந்தை இடையில் நிறுத்தியவர் யார்? ஏன் நிறுத்தினார்?
2. கிளினிக்குக்குத் தனியே போக முடியாதவரோடு யார் கூடப் போவது?