சைடு ஸ்டெப் சத்தம் போடுகிறது, சேஸிஸ் விட்டுப்போகுமா?

கேள்வி: போன வருடம் பழைய இசுஸு வி-கிராஸ் பிக்கப் ஒன்று வாங்கினேன். கார்வேட்டிநகரம் பக்கம் உள்ள மாந்தோப்புக்குப் போய்வர அதுதான் வசதி. அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம், அவ்வளவு உயரம் ஏற முடியவில்லை. அதனால் உள்ளூர்ப் பட்டறை ஒன்றில் பைப் வைத்த சைடு ஸ்டெப் போட்டேன். ஓட்டை பொருந்திய இடத்தில் போல்ட் போட்டார்கள், பொருந்தாத இடத்தில் சேஸிஸிலேயே வெல்டிங் வைத்துவிட்டார்கள். ஒரு மாதமாகத் தோப்புப் பாதையில் கடகடவென்று சத்தம். ஒரு மெக்கானிக் “சேஸிஸ் விட்டுப்போகும்” என்கிறார். இன்னொருவர் “போலீஸ் பிடிக்கும், இன்சூரன்ஸும் வராது” என்கிறார். அம்மாவைத் திருமலைக்கு அழைத்துப்போவதாகச் சொல்லியிருக்கிறேன். இரவில் தூக்கமே வருவதில்லை. ஸ்டெப்பைக் கழற்றி எறிந்துவிடட்டுமா?
– கே.எம்., நகரி

பதில்: தம்பி, முதலில் நிம்மதியாகத் தூங்குங்கள். உங்கள் வண்டி நாளைக் காலை நடுரோட்டில் இரண்டாகிவிடாது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் சத்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் தளர்ந்த போல்ட்தான். அது அரை மணி நேர வேலை. வெல்டிங் விஷயம் வேறு. அதை அப்படியே விடக்கூடாது, ஆனால் அதற்கும் வழி உண்டு. அதைப் பார்த்து முடிக்கும்வரை தோப்புப் பாதையும் வேண்டாம், மலைப்பாதையும் வேண்டாம். அம்மாவிடம் ஒரு வாரம் தவணை கேளுங்கள்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன். உங்கள் வண்டி சின்னக் கார்களைப் போல ஒரே உடலாகச் செய்யப்பட்டதல்ல. அடியில் லேடர் பிரேம் (நீளவாக்கில் இரண்டு இரும்புச் சட்டங்களும் அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்களும் கொண்ட அடித்தளம்) இருக்கிறது. கேபினும் பின்தொட்டியும் அதன்மேல் தனித்தனியாக உட்கார்ந்திருக்கின்றன. கேபினுக்கும் பிரேமுக்கும் இடையில் ரப்பர் மெத்தைகள் உண்டு. ஒரு சக்கரம் பள்ளத்திலும் மற்றது வரப்பிலும் ஏறும்போது பிரேம் கொஞ்சம் முறுகும். கேபினும் தன் ரப்பர்மேல் கொஞ்சம் அசையும். அப்படி அசையவே அதைச் செய்திருக்கிறார்கள்.

இப்போது உங்கள் ஸ்டெப்பின் பிராக்கெட்டைக் (ஸ்டெப்பை வண்டியோடு பிணைக்கும் கை) கீழே படுத்துப் பாருங்கள். ஒரு முனை பிரேமிலும் மறுமுனை கேபினின் கதவடி விளிம்பிலும் மாட்டியிருந்தால் கோளாறு அங்கேதான். அசைய வேண்டிய இரண்டை ஒன்றாகக் கட்டிவிட்டார்கள். போல்ட் தளரும், சத்தம் வரும், கடைசியில் கேபின் தகடு கிழியும். பிடிமானம் பிரேமில் இருக்கலாம், கேபின் அடியில் நிறுவனமே விட்டிருக்கும் ஓட்டைகளில் இருக்கலாம். இரண்டிலும் ஒரே பிராக்கெட் இருக்கக்கூடாது. உங்கள் வண்டியில் அப்படி இரண்டையும் கட்டவில்லையென்றால், முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பிறகு போல்ட்டை யாரும் மறுபடி முடுக்காததுதான் காரணமாக இருக்கும். புதிதாகப் போட்ட எந்த ஸ்டெப்புக்கும் இது தேவை. பட்டறையில் சொல்ல மறந்திருப்பார்கள்.

வெல்டிங்குக்கு வருவோம். உங்கள் மெக்கானிக் மிகைப்படுத்தினாலும் அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஓட்டத்தில் பிரேம் ஓயாமல் வளைந்து நிமிர்கிறது. அந்த வளைவின் சுமையில் பெரும்பகுதியைத் தாங்குவது சட்டத்தின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும். நடுப்பக்கத்துக்கு வரும் சுமை மிகவும் குறைவு. வெல்டிங் சூட்டில் பற்றுக்குப் பக்கத்து இரும்பின் குணம் மாறிவிடும். ஆறும்போது உள்ளுக்குள் இழுவிசை தங்கிவிடும். பற்று முடியும் ஓரத்தில் சின்னதாக ஒரு பள்ளம் விழும். தலைமுடி அளவு விரிசல் தொடங்குவதற்கு அந்தப் பள்ளம் போதும். உலோகச் சோர்வு (திரும்பத் திரும்ப வரும் சிறு சுமையால் இரும்பு மெல்ல மெல்ல விட்டுப்போவது) என்பது இதுதான். ஒரு மாதத்தில் இது முற்றுவது அரிது. இரண்டு மூன்று வருடம் மறந்துவிட்டால்தான் வினை.

அதோடு ஸ்டெப்பில் ஏறுகிற ஆளின் எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரேமிலிருந்து ஓர் அடி தள்ளி எழுபது கிலோ ஆள் ஏறினால் பிராக்கெட் ஒரு கடப்பாரையாகிவிடும், நெம்புவது பிரேமை. மெதுவாகக் கால் வைக்காமல் தடாலென்று ஏறினால் அந்த நொடியில் சுமை ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளில் ஒருநாள் நின்று பாருங்கள். பல டன் ஏற்றும் பாடியையே யு-போல்ட்டால் சேஸிஸைக் கவ்விப் பிடிக்க வைக்கிறார்கள். சேஸிஸில் பற்று வைப்பதில்லை. லாரி நிறுவனங்களும் பாடி கட்டுவோருக்கு இதையேதான் சொல்கின்றன: மேல், கீழ் விளிம்புகளில் ஓட்டையும் போடாதே, வெல்டிங்கும் வைக்காதே. பத்து டன் லாரிக்குக் காட்டும் மரியாதையை உங்கள் பிக்கப்புக்கும் காட்டியிருக்கலாம்.

இனிச் செய்ய வேண்டியது. ஸ்டெப்பை முழுவதும் கழற்றச் சொல்லுங்கள். நல்ல கைத்திறமை உள்ளவரிடம் கொடுத்து, பற்றை மட்டும் கிரைண்டரால் மெல்லச் சீவி எடுக்கச் சொல்லுங்கள். அவசரப்பட்டால் சேஸிஸின் தடிமனையும் சேர்த்துத் தின்றுவிடும். பிறகு சாயச் சோதனை செய்யுங்கள். சிவப்புச் சாயத்தைத் தெளித்து, ஊறவிட்டு, துடைத்துவிட்டு, மேலே வெள்ளைத் தூளைத் தெளித்தால் விரிசலுக்குள் புகுந்த சாயம் சிவப்புக் கோடாக வெளியே கசியும். வெல்டிங் சாமான் விற்கும் பெரிய கடைகளில் இதற்கான ஸ்ப்ரே டப்பாக்கள் கிடைக்கும், செய்யத் தெரிந்தவரும் இருப்பார். கோடு தெரியாவிட்டால் துத்தநாக பிரைமர் அடித்து, மேலே பெயின்ட் அடித்துவிடுங்கள், கதை முடிந்தது. கோடு தெரிந்தால் அதன்மேல் இன்னொரு பற்று வைக்கச் சம்மதிக்காதீர்கள். நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் காட்டுங்கள்.

இன்னொன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: வெல்டிங் வைத்தபோது பேட்டரி ஒயரைக் கழற்றினார்களா? இல்லையென்றால் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்பெட்டி கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை என்றால் கவலை வேண்டாம். பிரேம் ஓரமாகவே டீசல் குழாய், பிரேக் குழாய், ஒயர் கட்டு எல்லாம் ஓடுகின்றன. அவற்றில் சூடு பட்டிருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

ஸ்டெப் வேண்டவே வேண்டாமா என்று கேட்டால், வேண்டும் என்பேன். அம்மாவுக்காகப் போட்டது சரியான எண்ணம்தான், போட்ட விதம்தான் தவறு. இந்த வண்டி பிறந்ததே உங்கள் ஊருக்குக் கிழக்கே, சத்தியவேடு பக்கத்து ஸ்ரீசிட்டியில். 2022 வரை சித்தூர் மாவட்டமாக இருந்து இப்போது திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்த இடம் அது. 2016 ஏப்ரலில் அங்கே இசுஸுவின் தொழிற்சாலை திறந்தது. இந்த மாடலுக்கென்றே செய்த கிட்டாக வாங்குங்கள். துளையிடாமல், வெட்டாமல், வண்டியில் ஏற்கெனவே உள்ள ஓட்டைகளில் உட்காரும். சென்னை ஜி.பி. ரோட்டில் தேடினாலும் கடைக்காரரிடம் முதலில் பிராக்கெட்டை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பளபளப்பான குழாயைத்தான் அவர் முதலில் காட்டுவார்.

அம்மாவுக்கு உருண்டைப் பைப் உதவாது. மழையில் செருப்போடு வழுக்கும். எலும்பு முறிவுக்குப் போடும் புத்தூர்க்கட்டு பக்கத்திலேயே கிடைக்கிறது என்பதற்காக வழுக்கி விழ வேண்டியதில்லை. பாதம் பாதியாவது பதியும் அகலத்தில், வரிவரியாகப் பிடிப்புள்ள தட்டையான ஸ்டெப் வாங்குங்கள். தரையிலிருந்து கதவடி வரை எவ்வளவு உயரம் என்று டேப் வைத்து அளந்து, ஸ்டெப் அதன் பாதியிலோ பாதிக்குச் சற்றுக் கீழோ வருமாறு பாருங்கள். அதற்கும் கீழே தொங்கவிட்டால் அம்மாவுக்குச் சுகம், ஆனால் தோப்பு வரப்பில் தட்டும். உங்கள் வண்டியின் முன், பின் சக்கரங்களுக்கு இடையே 3,095 மில்லிமீட்டர் இடைவெளி. இவ்வளவு நீள வண்டி ஒரு மேட்டைத் தாண்டும்போது முதலில் உரசுவது நடுப்பகுதி, அங்கேதான் ஸ்டெப்பும் இருக்கிறது. பாறை நிறைந்த பாதை என்றால் ராக் ஸ்லைடர் (பிரேமிலேயே மாட்டும், வண்டியின் எடையைத் தாங்கும் தடித்த காப்புக் குழாய்) நல்லது. மாந்தோப்புக்கு அது வேண்டாத சுமை. ஸ்டெப்பைக் கொஞ்சம் உயரமாகவே வைத்துவிட்டு, அம்மாவுக்கு வண்டியிலேயே ஒரு சின்ன மர முக்காலி போட்டு வையுங்கள். கதவோரக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஏறும்போது வலி குறைந்த காலை முதலில் வைக்கச் சொல்லுங்கள். இறங்கும்போது வலிக்கிற கால் முதலில்.

ஸ்டெயின்லெஸ் என்று சொல்லி விற்பதில் 202 ரகமும் உண்டு, 304 ரகமும் உண்டு. மலிவான 202 சில மழைக்காலத்திலேயே புள்ளி விடும். காந்தம் வைத்துப் பார்ப்பது பலிக்காது, பெரும்பாலும் இரண்டிலுமே ஒட்டாது. பவுடர் கோட்டிங் அடித்த சாதாரண இரும்பே எனக்குப் பிடித்தது. போல்ட் தலையில் 8.8 என்று பொறித்திருக்க வேண்டும். கிட்டோடு வரும் தாளில் முறுக்கு அளவு இருந்தால் அதுவே வேதம். இல்லையென்றால் 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 25 நியூட்டன் மீட்டர், 10 மில்லிமீட்டருக்கு 45 முதல் 50 வரை என்று டார்க் ரெஞ்ச் (முறுக்கை அளந்து இறுக்கும் சாவி) கொண்டு முடுக்கச் சொல்லுங்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி முடுக்க வேண்டும். டயர் மாற்ற ஸ்டெப்புக்கு அடியில் ஜாக்கி கொடுக்காதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். காய் பறிக்கும் பருவத்தில் கூலியாட்கள் சைடு ஸ்டெப்பில் நின்று கதவைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போவதைத் தோப்புப் பக்கம் நீங்களும் பார்த்திருப்பீர்கள். “தோப்புக்குள்தானே, நூறு அடிதானே” என்பார்கள். ஒரு கிளை தோளில் அடித்தால் அந்த ஆள் விழுவது பின்சக்கரத்துக்கு நேர் முன்னால். சேஸிஸ் விரிசலைவிட எனக்கு இதுதான் பயம். ஆள் ஸ்டெப்பில் நிற்கும்வரை வண்டியை நகர்த்தாதீர்கள், சொந்தக்காரராக இருந்தாலும் சரி.

சட்டத்தைப் பற்றி: மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு தடுப்பது, வண்டியின் அடிப்படை அம்சமே மாறும்படி அதன் கட்டமைப்பை மாற்றுவதை. போல்ட்டில் மாட்டி, போல்ட்டில் கழற்றும் ஸ்டெப்பை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது என்பது என் கருத்து. சேஸிஸில் வெட்டு, பற்று என்றால் வாதாடுவது கடினம், அதை எடுத்துவிட இது இன்னொரு காரணம். முன்னால் மாட்டும் புல் பார் (பம்பருக்கு முன் வைக்கும் இரும்புக் காப்பு) மேல் நடவடிக்கை எடுக்கும்படி மத்திய அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. உங்களைப் பயமுறுத்தியவர் அதையும் இதையும் குழப்பிக்கொண்டிருக்கலாம். ஸ்டெப் வண்டியின் பக்கத்தைத் தாண்டி வெளியே நீட்டாமல் இருக்கட்டும். திருமலை அடிவாரத்தில் அலிபிரி சோதனைச் சாவடியில் சோதிப்பது சிகரெட், மது, இறைச்சி எடுத்துப்போகிறீர்களா என்றுதான், உங்கள் ஸ்டெப்பை யாரும் குனிந்து பார்க்கப்போவதில்லை.

இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குப் பொருத்தியதை எழுத்தில் தெரிவியுங்கள். மின்சாரம் சாராத துணைப்பொருள் என்று அதன் விலையை வண்டியின் காப்பீட்டு மதிப்பில் சேர்த்துக்கொள்வார்கள், பிரீமியம் சிறிது கூடும். அதற்குக் கடை பெயர், வரி எண், பொருளின் விலை, பொருத்துக் கூலி எல்லாம் தனித்தனியாகக் குறித்த பில் வேண்டும். துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள்.